கிரகணத்துக்குப் போன எக்ஸ்-ரே

நாத்தனாரின் கைக்குழந்தையை மூன்று நாள் என் மடியில் போடவில்லை. அத்தை அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. "அலுப்பாக இருக்கும், நீ படுத்துக்கொள் அம்மா" என்று மட்டும் சொல்லிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுவார். மூன்றாம் நாள் நாத்தனார்தான் உளறினாள்: "அண்ணி, தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் வயிற்றில் கதிர் ஏற்றியிருக்கிறார்களாம். பச்சைப் பிள்ளைக்கு ஆகாது என்று அம்மா பயப்படுகிறார்கள்."

பிள்ளை இல்லை என்று சோதனைக்குப் போனவளிடம், இருக்கிற ஒரு பிள்ளையையும் தொடாதே என்றால் எப்படி இருக்கும்? அன்று இரவு அழுதேன். மறுநாள் காலையில் கோபம் வந்தது. கோபம் வந்தால் கணக்குப் போடுவது என் வழக்கம். பதினோரு ஆண்டு வங்கி வேலை செய்த புத்தி.

இது 2018-இல், திண்டுக்கல்லில். கல்யாணமாகி மூன்று ஆண்டு முடிந்திருந்தது. "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்பவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டுப் பார்வையாலே விசாரிக்கத் தொடங்கியிருந்த காலம். ஒரு மருத்துவமனைக்குப் போனோம். முதல் நாளே சீட்டில் எச்.எஸ்.ஜி. என்று எழுதிக் கொடுத்தார்கள். வெளியே பெஞ்சில் காத்திருந்த பெண்கள் அதை ட்யூப் டெஸ்ட் என்றார்கள். கருப்பை வாய் வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செருகி அயோடின் கலந்த திரவத்தைச் செலுத்துவார்கள். அது கருப்பையை நிரப்பி, இரண்டு கருக்குழாய்களிலும் ஓடி, நுனியில் வயிற்றுக்குள் சிந்தினால் பாதை திறந்திருக்கிறது என்று பொருள். அயோடின் எக்ஸ்-ரே கதிரை மறிப்பதால் படத்தில் வெள்ளையாகத் தெரியும். அந்தத் திரவம் கதிர் வீசுவதில்லை. எக்ஸ்-ரே கருவியை நிறுத்திய நொடியே கதிரும் நின்றுவிடுகிறது, விளக்கை அணைத்தால் வெளிச்சம் நிற்பதைப் போல. சோதனை முடிந்து எழுந்து வருபவளின் உடம்பிலிருந்து அடுத்தவர் மேல் படுவதற்கு எதுவும் மிச்சமில்லை. இதை அத்தைக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. விளக்கு உவமைதான் கடைசியில் கை கொடுத்தது.

அத்தையின் பயத்துக்கு அந்த ஸ்கேன் சென்டரும் ஒரு காரணம். மேசையில் கால்களை விரித்துப் படுக்க வைத்துக் குழாயைச் செருகியாயிற்று. "படம்" என்று ஒரு குரல். உடனே நர்ஸ், மருத்துவர், டெக்னீஷியன் மூவரும் தடுப்புக்குப் பின்னால் ஓடினார்கள். கதவுச் சந்தில் நின்றிருந்த அத்தை இதைப் பார்த்துவிட்டார். எல்லோரும் தப்பி ஓட, மருமகள் மட்டும் மேசையில் கிடக்கிறாள். அதைப் பார்த்த எந்தப் பெண்ணுக்குத்தான் குலை நடுங்காது? அவர்கள் ஓடுவதற்கு நியாயம் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்கு அது ஒரு நாள். அவர்களுக்கு அது தினப்படி வேலை, ஆண்டுக்கணக்கில். அதனால்தான் சட்டையில் ஒரு சிறு பேட்ஜ் குத்தியிருக்கிறார்கள். அவர்கள் வாங்கும் கதிரை அது பதிவு செய்கிறது, அதற்கு ஆண்டு வரம்பும் இருக்கிறது. ஆனால் அத்தை நின்ற கதவு திறந்திருந்தது தவறு. படம் எடுக்கும்போது அந்தக் கதவு மூடியிருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று அங்கே நடந்தது. அதில் பாதி என்னுடையது.

கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய் என்று யாரும் என்னைத் துருவிக் கேட்கவில்லை. சீட்டில் "விலக்கான 7 முதல் 10-ஆம் நாளுக்குள்" என்று இருந்தது. எனக்கு மாதம் ஒழுங்காக வருவதில்லை. 30 நாளிலும் வரும், 42 நாளிலும் வரும். அந்த முறை இரண்டு நாள் லேசாகக் கறைபோலப் பட்டு நின்றது. அதையே முதல் நாளாகக் கணக்கிட்டு, எட்டாம் நாளில் போய்ப் படுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் ஒரு நினைப்பு மண்டையில் ஆணி அடித்தது. கரு தங்கும்போதும் சிலருக்கு அப்படிக் கொஞ்சம் படும் என்று எங்கோ படித்திருந்தேனே! அது விலக்கே இல்லை என்றால்? உள்ளே ஏதேனும் இருந்திருந்தால்? மூன்று ஆண்டு காத்திருந்து வந்த ஒன்றை நானே போய் எக்ஸ்-ரேக்குக் கொடுத்துவிட்டேனா?

பதினெட்டு நாள் அந்த நினைப்போடு வங்கிக்குப் போய்வந்தேன். சிறுநீர்ச் சோதனை இரண்டு முறை செய்தேன், ஒற்றைக் கோடுதான். பிறகு உண்மையான விலக்கு வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அது வந்ததற்காக நிம்மதி அடைந்தேன். அடுத்த நிமிடமே அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாக இருந்தது.

எச்.எஸ்.ஜி.யைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் முதலிடம் இதற்குத்தான்: எத்தனை கதிர் என்பதைவிட எந்த நாள் என்பது பெரிது. நன்றாக உதிரம் போன நாள்தான் முதல் நாள், கறை பட்ட நாள் அல்ல. உதிரம் முழுதும் நின்றபின், முட்டை வெளிவரும் முன் சோதனை முடிய வேண்டும். விலக்கு வந்ததிலிருந்து சோதனை முடியும்வரை தாம்பத்தியம் கூடாது. மாதம் ஒழுங்கில்லாதவர்கள் அன்று காலையே கர்ப்பச் சோதனை செய்துவிட்டுப் போங்கள்; சந்தேகம் தீராவிட்டால் இரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எக்ஸ்-ரே அறை வாசலில் கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று பலகை இருக்கும். தான் கர்ப்பிணியா என்பதே தெரியாத பெண் எதைத் தெரிவிப்பாள்?

அந்தப் பதினெட்டு நாளில் ஒரு கதிரியக்க மருத்துவரிடம் கேட்டேன். கணவரின் நண்பருக்கு உறவினர். அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது, மழுப்பலாக இல்லை. வயிற்றிலிருக்கும் கருவுக்கு ஊனம் உண்டாக்கும் அளவு என்று கருதப்படுவது 100 மில்லிகிரே (ஓர் உறுப்பு வாங்கும் கதிரின் அளவு) அல்லது அதற்கு மேல். ஒரு எச்.எஸ்.ஜி.யில் சூலகமும் கருப்பையும் வாங்குவது பெரும்பாலும் சில மில்லிகிரே. "உண்மையிலேயே கரு இருந்திருந்தால், கதிரைவிட அழுத்திச் செலுத்தும் திரவம்தான் அதற்குப் பெரிய இடைஞ்சல். அதனால்தான் நாளைப் பார்த்துச் செய்ய வேண்டும் என்கிறோம்" என்றார். கதிரே வேண்டாம் என்பதும் இல்லை, கதிரால் ஒன்றுமே ஆகாது என்பதும் இல்லை. கர்ப்பிணிகளுக்கு எடுத்த எக்ஸ்-ரேயையும் குழந்தைகளின் புற்றுநோயையும் இணைத்து 1950-களிலேயே ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற ஆங்கில மருத்துவர் எச்சரித்ததையும் அவரே சொன்னார்.

பிறகுதான் என் கணக்கு. முழு உடம்புக்கும் சேர்த்துப் பார்த்தால் ஒரு எச்.எஸ்.ஜி. ஏறத்தாழ 1 மில்லிசீவெர்ட் (உடம்புக்கு ஆகக்கூடிய கேட்டை வைத்துக் கதிரை அளக்கும் அலகு). கருவியும் கையாளும் ஆளும் பொறுத்து அதில் பாதியாகவும் இருக்கலாம், இரண்டு மூன்று மடங்காகவும் ஆகலாம். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சோற்றிலிருந்தும் உலகில் ஒரு மனிதர் ஆண்டுக்குச் சராசரியாக வாங்குவது 2.4 மில்லிசீவெர்ட். அதாவது என் சோதனை ஐந்து மாத வாழ்க்கைக்குச் சமம். வயிற்று சி.டி. ஸ்கேன் ஒன்று இதைப் போல ஏழெட்டு மடங்கு. அதை எங்கள் ஊரில் வயிற்று வலிக்கே எழுதிக் கொடுக்கிறார்கள், யாரும் குழந்தையைத் தள்ளி வைப்பதில்லை. சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் தோராய வாய்ப்பாட்டின்படி 1 மில்லிசீவெர்ட் என்பது ஏறத்தாழ 20,000 பேரில் ஒருவருக்குக் கூடுதல் கேடு. இந்தியாவில் வாழ்நாளில் ஒன்பதில் ஒருவருக்குப் புற்றுநோய் வரலாம் என்பது மதிப்பீடு. அந்த 20,000 பேரில் எப்படியும் 2,200 பேருக்கு வரும், எல்லோருக்கும் எச்.எஸ்.ஜி. எடுத்தால் ஒன்று கூடலாம். தனி ஆளுக்குச் சோதிடம் சொல்ல இந்த வாய்ப்பாடு உதவாது என்று அந்த ஆணையமே சொல்கிறது. ஆனால் என் தூக்கத்துக்கு உதவியது.

அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லவில்லை. என் பிறந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம், மணவாளக்குறிச்சிக்குப் பக்கம். போனில் சொன்னதும் அம்மா, "கரண்டு வைத்தார்களா மக்களே?" என்று குரல் உடைந்து கேட்டார். எங்கள் சித்தி மார்புப் புற்றுநோய்க்குக் கரண்டு வைத்துக்கொண்டு தோல் கறுத்து மெலிந்ததை அம்மா கூடவே இருந்து பார்த்தவர். நம் ஊரில் கதிர்வீச்சு என்றால் அந்தக் கரண்டுதான் நினைவுக்கு வரும். அங்கே கட்டியைச் சாகடிக்கவே கொடுக்கும் கதிர் 40,000, 50,000 மில்லிகிரே. எனக்குப் பட்டதைப் போல ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு. அடுப்புத் தணலையும் அகல் விளக்கையும் நெருப்பு என்ற ஒரே சொல்லால் அழைப்பது போல, இதையும் அதையும் கதிர் என்கிறோம்.

"நான் வளர்ந்த மண்ணே கதிர் மண்தானே அம்மா" என்றேன். எங்கள் கடற்கரை மணல் கறுப்பும் செம்மையுமாக இருக்கும். அதில் மோனசைட்டு என்ற தாது, அதற்குள் கதிர் வீசும் தோரியம். கயிறோடு ஒட்டிக்கொண்டு கப்பலேறிப் போன மணலைப் பார்த்துத்தான் 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் எங்கள் ஊரைத் தேடி வந்தார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே மணல் கேரளத்துக் கருநாகப்பள்ளியில் இன்னும் செறிவு. அங்கே ஏறத்தாழ 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. அந்த இயற்கைக் கதிரால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. ஆண்டு முழுதும் துளித்துளியாக வாங்குவதும் ஒரே நாளில் வாங்குவதும் ஒன்றல்ல என்பதால் இதை வைத்து எக்ஸ்-ரேக்கு நற்சான்று கொடுக்க மாட்டேன். அம்மா கேட்டது வேறு: "பிறக்கிற பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே?" ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டுக்குத் தப்பியவர்களுக்குப் பின்னால் பிறந்த 70,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் கவனித்திருக்கிறார்கள், பெற்றோர் வாங்கிய கதிரால் பரம்பரைக் கோளாறு கூடியதாக நிலைநாட்ட முடியவில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சரி, சாப்பிட்டாயா?" என்றார். அம்மாவின் அகராதியில் அது சம்மதம்.

முதல் சோதனையின் முடிவில் வலக்குழாய் தொடக்கத்திலேயே அடைப்பு என்று எழுதியிருந்தார்கள். மாத்திரை, ஸ்கேன், மறுபடி மாத்திரை என்று ஓராண்டுக்கு மேல் போயிற்று. அதற்குப் பிறகுதான் வேறொரு மருத்துவர், "உங்கள் கணவரின் ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். அவருக்கு விந்துச் சோதனையே செய்திருக்கவில்லை. சில நூறு ரூபாய், ஊசி இல்லை, வலி இல்லை, கதிர் இல்லை. செய்து பார்த்தால் எண்ணிக்கை குறைவு. என்னை மேசையில் படுக்க வைப்பதற்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும். எனக்குக் கதிரின் மேல் இருந்த கோபமெல்லாம் அன்று இடம் மாறியது. பெண்ணுக்கு எக்ஸ்-ரே எழுதுமுன் ஆணுக்கு அந்தச் சின்னப் புட்டியைக் கொடுக்காத மருத்துவமனையில் நான் இனி கால் வைக்க மாட்டேன்.

புது மருத்துவர் அடுத்துக் கேட்டது பழைய ஃபிலிமை. "ரிப்போர்ட் போதாது. தொடக்கத்தில் அடைப்பு என்பது பல நேரம் அடைப்பாகவே இருக்காது. வலியாலும் பயத்தாலும் குழாய் இறுகிக்கொள்ளும், திரவம் போகாது. படத்தைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம்" என்றார். வீட்டுக்கு வந்து பீரோவுக்கு மேலிருந்த பெரிய உறையை எடுத்தேன். உள்ளே ஃபிலிமின் ஓரப்பட்டைகள் மட்டும் கிடந்தன. நடுவில் சதுரம் சதுரமாக வெட்டி எடுத்திருந்தது.

2019 டிசம்பர் 26. திண்டுக்கல்லில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்த நாள். அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்த நாத்தனாரின் மூத்த மகன், தெருப் பிள்ளைகள் ஆறு பேருக்கும் என் கருப்பையைக் கத்தரித்துக் கண்ணாடி செய்து கொடுத்திருக்கிறான். "அத்தை, நீங்கள் பழையது என்று சொன்னீர்கள்!" என்று அழுதான். சொன்னேனோ என்னவோ. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். (எக்ஸ்-ரே ஃபிலிமால் கிரகணம் பார்ப்பது கண்ணுக்குக் கேடு, கண்ணுக்குத் தெரியாத கதிரை அது தடுப்பதில்லை. அந்த ஆறு பேரின் கண்களையும் மறுநாள் ஒவ்வொருவராக விசாரித்தேன்.) சென்டரில் போய்க் கேட்டால் ஓராண்டுக்கு மேலான படங்களை வைத்திருப்பதில்லை என்றார்கள்.

ஆக, இரண்டாவது எச்.எஸ்.ஜி. ஒரு கத்தரிக்கோலுக்காக இன்னொரு மில்லிசீவெர்ட். படம் இருந்திருந்தாலும் ஒருவேளை மறுபடி எடுக்கத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அது படத்தைப் பார்த்து எடுத்த முடிவாக இருந்திருக்கும்.

2020 பிப்ரவரி, மதுரை. இந்த முறை நான் கேள்விகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனேன். கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்கிறதா? வெறும் படங்களா, ஃப்ளோரோஸ்கோப்பி திரையில் ஓடவிட்டுப் பார்ப்பார்களா? திரை எத்தனை நேரம்? கதிர் படும் பரப்பை வேண்டிய அளவுக்குச் சுருக்குவார்களா? வரவேற்பில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் கதிரியக்க மருத்துவர் ஒரு வார்த்தைகூட முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்; உரிமத்தின் நகல் சுவரிலேயே மாட்டியிருந்தது. வயிற்றுக்கு ஈய அங்கி போட மாட்டீர்களா என்று கேட்டதற்குச் சிரித்தார். "பார்க்க வேண்டிய இடத்தையே மூடிவிட்டு எதைப் பார்ப்பது? மறைத்துவிட்டு மறுபடி எடுத்தால்தான் கதிர் கூடும்." விலக்கான தேதியை இரண்டு முறை கேட்டார், சிறுநீர்ச் சோதனை செய்தார், கையெழுத்து வாங்கினார். நானும் ஒரு மணி நேரம் முன்பே வலி மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருந்தேன். முதல்முறை அதை யாரும் சொல்லவில்லை.

திரவத்தை அவசரமில்லாமல் செலுத்தினார். இடப்பக்கம் உடனே ஓடியது. வலப்பக்கம் நின்றது. "மூச்சை இழுத்து விடுங்கள்" என்று சொல்லிச் செலுத்துவதை நிறுத்திக் காத்திருந்தார். சற்றுச் சாய்ந்து படுக்கச் சொல்லி மறுபடி மெதுவாக. தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தேன். வெள்ளை நூல் ஒன்று வலப்பக்கம் நீண்டு, வளைந்து, நுனியில் புகைபோலக் கலைந்தது. இரண்டு குழாயும் திறந்திருந்தன. ஒன்றரை ஆண்டு அடைப்பு என்று நான் சுமந்தது அடைப்பே இல்லை. மொத்தம் நான்கு படம், அரை நிமிடத்துக்கும் குறைவான திரை. அன்று மாலை கொஞ்சம் கறை, மறுநாள் லேசான வலி, அவ்வளவுதான். காய்ச்சலோ துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ வந்தால் அன்றே வரச் சொல்லியிருந்தார். தொற்று ஏற்பட்டால் அது கதிரைவிட உடனடி ஆபத்து.

கதிரே வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே உப்புநீரையோ நுரையையோ செலுத்திக் குழாயைப் பார்ப்பார்கள். எங்கள் பக்கம் உப்புநீர் வகையை எஸ்.எஸ்.ஜி. என்பார்கள். செய்பவரின் கை தேர்ந்திருக்க வேண்டும். எனக்குத் தேவைப்பட்டது குழாயின் எந்த இடத்தில் சிக்கல் என்ற படம், அதனால் எச்.எஸ்.ஜி.க்கே சம்மதித்தேன். இன்னொன்று: சாதாரணத் திரவத்துக்குப் பதில் எண்ணெய் வகை மருந்தைப் பயன்படுத்தினால் அடுத்த ஆறு மாதத்தில் கரு தங்குவது கூடியது என்று 2017-இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது, 29 விழுக்காடு எங்கே, கிட்டத்தட்ட 40 விழுக்காடு எங்கே! ஆனால் எண்ணெயில் அயோடின் உடம்பில் நெடுநாள் தங்கும். தைராய்டு சிக்கல் உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்குத் தைராய்டு மாத்திரை உண்டு. நான் கேட்கவே இல்லை.

குழந்தை பிறந்ததா என்று இங்கே யாராவது கேட்பீர்கள். பிறந்தாள், 2022-இல், கணவரின் சிகிச்சைக்கும் இரண்டு ஐ.யு.ஐ.க்கும் (விந்தை நேரே கருப்பைக்குள் செலுத்துவது) பிறகு. குழாய் திறந்திருப்பது தெரிந்ததால்தான் ஐ.யு.ஐ.க்கே வழி பிறந்தது. ஆகவே இரண்டாவது படத்தின் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அந்தப் படத்தை மதுரையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வந்தேன். அந்தப் படங்கள் பதிந்த குறுந்தகடும் கேட்டு வாங்கினேன். ஃபிலிமை வெளிச்சத்தில் வைத்துச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டேன். எந்தத் தேதி, எத்தனை படம், எவ்வளவு நேரம் என்று உறையின் மேல் எழுதினேன். ஊரடங்கு வந்து எல்லாச் சிகிச்சையும் நின்றுபோன அந்த ஜூன் மாதம், 21-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, இன்னொரு கிரகணம். நாத்தனார் குடும்பம் ஊரடங்குக்கு முன்பே வந்து எங்கள் வீட்டிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. பையன் காலையிலிருந்து பீரோவைச் சுற்றிச் சுற்றி வந்தான். அத்தை திண்ணையில் அந்தச் சின்னக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பீரோ சாவி அவர் இடுப்பில் இருந்தது. என்னைப் பார்த்ததும், "இந்தா, இவளைக் கொஞ்ச நேரம் பிடி. நான் அவனைக் கவனிக்கிறேன்" என்று குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார்.